ஒரு டிஸ்க், ரெண்டு குடித்தனம்: கொம்பியூட்டர் கேள்வி பதில்

2025 ஒக்டோபர் 14ஓட விண்டோஸ் 10ஐ மைக்ரோசொஃப்ட் கைவிட்டாலும் விட்டிச்சு, கனபேர் லினக்ஸ் எண்ட இலவச ஓஎஸ்ஸையும், அதாவது விண்டோஸ் மாதிரிக் கொம்பியூட்டரை ஓட்டுற அடிப்படைப் புரோகிராமையும், அதே டிஸ்கில போடப் பாக்கினம், அதால எனக்கு வாற கேள்வியெல்லாம் இப்ப காணி வழக்கு மாதிரித்தான் இருக்கு. டிஸ்க்கைப் பிரிக்கலாமோ, பிரிச்சதைத் திருப்பிச் சேக்கலாமோ, மற்றவன் என்ட பக்கத்தைப் பிடிச்சிட்டான் என்ன செய்யிறது எண்டு ஒரே அதுதான். அதால இந்த முறை பிரிண்டர் கேள்வி, வட்ஸ்அப் கேள்வி எல்லாத்தையும் ஒரு மூலையில வச்சிட்டு இதை மட்டும் எடுத்திருக்கிறன். பிரிண்டர் ஆக்கள் குறை நினைக்காதேங்கோ.

கேள்வி: அண்ணா, நான் மொரட்டுவ கெம்பஸில முதலாம் வருசம். வெள்ளவத்தையில ஒரு அனெக்ஸில ரூம் எடுத்து இருக்கிறன். லெப்டொப்பில 512 ஜிபி எஸ்எஸ்டி, 16 ஜிபி ரம், விண்டோஸ் 11, ஒரே ஒரு சி டிரைவ்தான். சீனியர்மார் லினக்ஸும் போடச் சொல்லுகினம். டிஸ்க் மெனேஜ்மென்டில போய் ஷ்ரிங்க் குடுத்துப் பாத்தா 9 ஜிபிதான் தருவன் எண்டு நிக்குது, ஆனா உள்ளுக்க 300 ஜிபிக்கு மேல சும்மா கிடக்கு. ஏன் இப்பிடி? அப்பா கஷ்டப்பட்டு வாங்கித் தந்த லெப்டொப், பழுதாக்கிப்போட்டன் எண்டா ஊருக்குப் போகேலாது. — மாணவி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, பார்ட்டிஷன் பிரிக்கிறதால, அதாவது டிஸ்க்கைத் துண்டு துண்டா ஒதுக்கிறதால, லெப்டொப் பழுதாகாது. பழுதாகிறது எண்டா உள்ளுக்க இருக்கிற ஃபைல்தான், அதுவும் நீங்கள் கொப்பி எடுத்து வைக்காட்டித்தான். அதால முதல் வேலை அது. அசைன்மென்ட், படங்கள், எல்லாத்தையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒண்டுக்கோ கூகுள் டிரைவுக்கோ ஏத்திப்போட்டு மிச்சத்தை வாசியுங்கோ. ஏத்தாம வாசிக்கிற ஆக்களை எனக்குத் தெரியும், நானும் ஒரு காலத்தில அப்பிடித்தான், அந்தக் கதை கீழ வருது.

அதுக்கு முதல் ஒண்டு கேக்கட்டோ. உங்களுக்கு உண்மையா பிரிக்க வேணுமோ? முதலாம் வருசத்தில டெர்மினல் பழகவும் சி புரோகிராம் எழுதவும் எண்டா, விண்டோஸுக்கு உள்ளேயே டபிள்யூஎஸ்எல் எண்டு ஒண்டு இருக்கு, போட்டா லினக்ஸில ஒரு வகையான உபுண்டு ஒரு ஜன்னலுக்குள்ள ஓடும். இல்லாட்டி கொம்பியூட்டருக்குள்ள இன்னொரு கொம்பியூட்டரை ஓட்டுற வேர்ச்சுவல்பொக்ஸ் காசில்லாமக் கிடைக்கும், 16 ஜிபி ரம்மில அது நல்லாவே ஓடும், பிடிக்காட்டி அழிச்சுவிடலாம், ஒரு எல்லையும் ஆட்டத் தேவையில்லை. என்னைக் கேட்டா முதல் ஒரு மாசம் அப்பிடிப் பழகிப்போட்டுப் பிறகு பிரியுங்கோ எண்டுதான் சொல்லுவன். சீனியர்மார் சிரிப்பினம், சிரிக்கட்டும். ஆனா முழு வேகத்தில ஓட வேணும், கிராஃபிக்ஸ் கார்ட்டைப் பாவிக்க வேணும், லினக்ஸைத்தான் நாளாந்தம் பாவிக்கப் போறன் எண்டா, சரி, பிரிக்கத்தான் வேணும்.

இப்ப அந்த 9 ஜிபி. கடையில 512 எண்டு வாங்கினது விண்டோஸில 476 எண்டுதான் காட்டும், அது ஏமாத்து இல்லை, செய்யிறவன் ஆயிரம் ஆயிரமா எண்ணுறான், விண்டோஸ் 1024, 1024ஆ எண்ணுது, அவ்வளவுதான். இந்த 476உம் ஒரு காணி எண்டு வையுங்கோ. ஷ்ரிங்க் எண்டுறது காணியின்ட பின்பக்கத்தால கொஞ்சம் வெட்டி விடுறது. பின்பக்கம் வெறுமையாத்தான் கிடக்கு, ஆனா நடுவில கிணறும் கட்டி, கக்கூஸும் கட்டி வச்சிருந்தா அதுக்கு அங்கால மட்டுந்தானே வெட்டலாம். விண்டோஸுக்கு அப்பிடி அசைக்கேலாத கட்டடங்கள் இருக்கு: ஹைபர்னேஷன் ஃபைல் (நித்திரை கொள்ள முதல் ரம்மில இருக்கிறதை எழுதி வைக்கிற இடம்), பேஜ் ஃபைல் (ரம் காணாட்டிப் பாவிக்கிற இடம்), சிஸ்டம் ரிஸ்டோர் எடுத்து வச்ச பிரதியள். அதில ஒண்டு டிஸ்கின்ட கடைசிக்குக் கிட்டப் போய்க் குந்தியிருந்தா 300 ஜிபி சும்மா கிடந்தும் 9தான் வரும்.

செய்ய வேண்டியது இதுதான். கொமாண்ட் ப்ரொம்ட்டை அட்மினாத் திறந்து பவர்சிஎஃப்ஜி எண்டு அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு, சரிவுக்கோடு எச், திரும்ப ஒரு இடைவெளி, ஓஃப் (powercfg /h off). அதோட ஹைபர்னேஷன் போயிடும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் சேந்து போயிடும், அது போறது இன்னொரு விதத்திலயும் நல்லது, ஏன் எண்டா ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தா நீங்கள் ஷட் டவுன் குடுத்தாலும் விண்டோஸ் உண்மையா நித்திரைதான் கொள்ளுது, சாகேல்லை, அந்த நேரம் லினக்ஸ் போய் சி டிரைவைத் தொட்டா ரெண்டு பேரும் ஒரே கணக்குக் கொப்பியில எழுதின மாதிரி ஆயிடும். அதால லினக்ஸ் பெரும்பாலும் வாசிக்க மட்டுந்தான் விடும், எழுத விடாது. பிறகு சிஸ்டம் ப்ரொடெக்ஷனையும் பேஜ் ஃபைலையும் தற்காலிகமா நிப்பாட்டி, ரீஸ்டார்ட் பண்ணி, திரும்ப ஷ்ரிங்க் குடுங்கோ. இந்த முறை வடிவா இடம் வரும். ஒரு 80, 100 ஜிபி எடுத்தாக் காணும். லினக்ஸ் மின்ட்டுக்கு 20 ஜிபி இருந்தாலே போதும் எண்டும் 100 இருந்தா வசதி எண்டும் மின்ட் செய்யிற ஆக்களே சொல்லியிருக்கினம். வெட்டி முடிய பேஜ் ஃபைலையும் ரிஸ்டோரையும் மறக்காமத் திருப்பிப் போடுங்கோ. வெட்டின இடத்தை விண்டோஸில ஃபோமட் பண்ணாதேங்கோ, அன்அலொகேட்டட் எண்டு கறுப்பாக் கிடக்கட்டும்.

இன்னொரு முக்கியமான சங்கதி, பிட்லொக்கர். விண்டோஸ் 11 லெப்டொப் கனக்க, மைக்ரோசொஃப்ட் எக்கவுண்டால உள்ளுக்கப் போனவுடன தானாவே டிஸ்க்கைப் பூட்டி வச்சிருக்கும், ஹோம் எடிஷனில அதுக்குப் பேர் டிவைஸ் என்கிரிப்ஷன். உங்களுக்குத் தெரியவே தெரியாது. பிறகு பூட் ஒழுங்கை மாத்திறன், செக்கியூர் பூட்டை (ஓன் பண்ணேக்க நம்பிக்கையான புரோகிராமை மட்டும் உள்ள விடுற காவல்) நிப்பாட்டுறன் எண்டு ஏதும் செய்ய, அடுத்த முறை நீலக் கலர் திரையில 48 இலக்கச் சாவியைக் கேக்கும். அந்தச் சாவி உங்கட மைக்ரோசொஃப்ட் எக்கவுண்டுக்குள்ள இருக்கும், முதலே போய்ப் பாத்துக் கடதாசியில எழுதி வையுங்கோ. அதே லெப்டொப்பில ஒரு ஃபைலா சேவ் பண்ணி வைக்காதேங்கோ, பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டின கதையாப் போயிடும். உபுண்டு போடுறதா இருந்தா பிட்லொக்கர் பூட்டை முழுசா எடுத்துவிட்டிட்டுப் போங்கோ, பூட்டின டிஸ்க்கை அதின்ட இன்ஸ்டோலர் தொடமாட்டன் எண்டு நிக்கக்கூடும்.

இனி லினக்ஸை இன்ஸ்டோல் பண்ணுறதுக்குப் பென் டிரைவ். 8 ஜிபி காணும். மின்ட் ஏறக்குறைய 3 ஜிபி, உபுண்டு அதின்ட ரெண்டு மடங்கு வரும், நைட் டேட்டாவில இறக்குங்கோ. ரூஃபஸ், வென்டோய் எண்ட இலவசப் புரோகிராம் ஒண்டால அதில எழுதி, பென் டிரைவிலயிருந்து பூட் பண்ணி, இன்ஸ்டோல் பண்ணாம முதல் சும்மா ஓட்டிப் பாருங்கோ: வைஃபை வேலை செய்யுதோ, சத்தம் வருதோ, டச்பேட் ஓடுதோ. அதில டிஸ்க்கே தெரியேல்லை எண்டா பயப்படாதேங்கோ, டிஸ்க் பயோஸில (விண்டோஸுக்கு முதல் வாற மதர்போர்ட் செட்டிங்) இன்டெல் ஆர்எஸ்டி எண்ட மோட்டில இருக்கக்கூடும். அதுக்காக உடன போய் ஏஎச்சிஐ எண்ட மற்ற மோட்டுக்கு மாத்திடாதேங்கோ, மாத்தினா விண்டோஸ் நீலத் திரை காட்டும். முதல் விண்டோஸை சேஃப் மோட்டில தொடங்கிற மாதிரி செட் பண்ணிப்போட்டு, ரீஸ்டார்ட் ஆகேக்க மாத்தி, சேஃப் மோட்டில ஒருக்கா எழும்பவிட்டு, பிறகு வழமைக்குத் திரும்பினாச் சரி.

இன்ஸ்டோல் பண்ணேக்க ஒரு இடத்தில கேக்கும்: விண்டோஸோட சேத்துப் போடவோ, டிஸ்க்கை முழுசா அழிச்சுப் போடவோ, வேற ஏதும் செய்யவோ எண்டு. இந்த இடத்தில தேத்தண்ணிக் கோப்பையைக் கீழ வையுங்கோ, போனைக் கவிட்டு வையுங்கோ. 2009இல உபுண்டு 9.04 வந்த கையோட நான் என்ட சொந்த டெஸ்க்டொப்பில போட்டனான். இரவு ரெண்டு மணி, நித்திரைத் தூக்கம், முழு டிஸ்க்கையும் எடு எண்டுறதில டிக் கிடந்தது, நான் வாசிக்காம ஃபோர்வர்ட், ஃபோர்வர்ட் எண்டு குத்தினன். டி டிரைவில அக்காவின்ட கலியாணப் படம் முழுக்க இருந்தது. கொப்பி வேற இடத்தில இல்லை. இண்டைக்கும் அக்கா வீட்டு அல்பத்தில பிரிண்ட் எடுத்த முப்பது நாப்பது படந்தான் இருக்கு, ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் எனக்கு அது ஞாபகப்படுத்தப்படும்.

சேத்துப் போடு எண்டுறதை எடுத்தா அதுவே வெட்டி வச்ச இடத்தில போய் இருந்துகொள்ளும். கையால செய்யிறதா இருந்தா, அந்த வெறும் இடத்தில எக்ஸ்ட்4 (லினக்ஸின்ட ஃபோமட்) பார்ட்டிஷன் ஒண்டு, மவுண்ட் பொயின்ட் ரூட், அதாவது வெறும் சரிவுக்கோடு (/), அவ்வளவுதான். முந்தி ஸ்வப்புக்கு (லினக்ஸின்ட பேஜ் ஃபைல்) தனிப் பார்ட்டிஷன் வைக்கோணும் எண்டுவினம், இப்ப அதுவே ஸ்வப் ஃபைல் செய்துகொள்ளும். ஒண்டே ஒண்டு கவனம்: 100 எம்பி அளவில ஃபட்32 எண்டு ஒரு குட்டிப் பார்ட்டிஷன் இருக்கும், ஈஎஃப்ஐ பார்ட்டிஷன். அதுதான் ரெண்டு வீட்டுக்கும் பொதுவான கேற். அதைப் பாவிக்கச் சொல்லுங்கோ, ஃபோமட் பண்ண மட்டும் டிக் போடாதேங்கோ. மைக்ரோசொஃப்டுக்கு அதுக்குள்ள ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர், ஒருத்தர்ட சாமானை ஒருத்தர் தொடாயினம்.

கேள்வி: மகனுக்கு ஓஎல் படிக்க எண்டு கடையில பாவிச்ச லெப்டொப் ஒண்டு எடுத்தம். சி டிரைவ் சிவப்பாக் கிடக்கு, டி டிரைவ் 150 ஜிபி அப்பிடியே வெறுமை. டியைச் சின்னனாக்கிப்போட்டு சியைப் பெருப்பிக்கப் பாத்தா எக்ஸ்டென்ட் எண்ட சொல் மங்கலாக் கிடக்கு, அமத்தேலாது. கடைக்காரர் முழுசா ஃபோமட் பண்ணோணும் எண்டுறார். உண்மையோ? — ஒரு அம்மா, கொட்டாஞ்சேனை

பதில்: ஃபோமட் பண்ணத் தேவையில்லை அக்கா. எக்ஸ்டென்ட் எண்டுறது தனக்கு ஒட்டின மாதிரி வலப்பக்கம் வெறுங்காணி இருந்தாத்தான் வேலை செய்யும். நீங்கள் டியைச் சின்னனாக்கேக்க வெறுமை வந்தது டிக்கு அங்கால பின்பக்கம், சிக்கு ஒட்டி இல்லை. போதாததுக்கு சிக்கும் டிக்கும் நடுவில ரிகவரி பார்ட்டிஷன் எண்டு ஒரு துண்டும் குந்தியிருக்கக்கூடும். பக்கத்து வீட்டுக்காரர் தன்ட வளவின்ட மற்றக் கரையை விட்டுத் தந்தாலும் உங்கட வேலியை எப்பிடி அங்க கொண்டுபோறது.

ஜிபார்ட்டட் எண்டு ஒரு புரோகிராம் இருக்கு, பென் டிரைவிலயிருந்து ஓடும், அது நடுத்துண்டுகளைத் தள்ளித் தள்ளி வச்சு எல்லையை நகத்தும். எங்கட ஊரில கதியாலை இரவோட இரவா அரை அடி தள்ளி நடுற ஆக்கள் மாதிரி, ஆனா இது நேர்மையான வேலை. நேர்மையான வேலை எண்டபடியால்தான் நேரம் எடுக்கும், பழைய ஹார்ட் டிஸ்க் எண்டா மணித்தியாலக் கணக்கில ஓடும், ஏன் எண்டா உள்ள இருக்கிற ஒவ்வொரு துண்டையும் தூக்கி அங்கால வைக்குது. நடுவில கரண்ட் போனாத் துலைஞ்சுது. கரண்ட் எங்க போகப்போகுது எண்டு சொல்லாதேங்கோ, 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை சப்ஸ்டேஷனில குரங்கு ஒண்டு பாய்ஞ்சு நாடு முழுக்க இருண்டது ஞாபகம் இருக்குத்தானே. லெப்டொப் எண்டா பட்டறி நல்லா நிக்குதோ எண்டு பாத்து, சார்ஜையும் குத்தி வச்சுக்கொண்டுதான் தொடங்கோணும். பாவிச்ச லெப்டொப் எண்டுறியள், பட்டறியில எனக்கு நம்பிக்கை இல்லை.

அதால நான் சொல்லுறது, எல்லையை ஆட்டாதேங்கோ, சாமானை மாத்துங்கோ. டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எண்டு இருக்கிற ஃபோல்டரில ரைட் கிளிக் பண்ணி, ப்ரொப்பட்டீஸ், லொக்கேஷன், மூவ். டியில ஒரு ஃபோல்டரைக் காட்டிவிட்டா அவ்வளவும் அங்க போயிடும், மகன் முந்தி மாதிரியே பாவிக்கலாம், வித்தியாசம் தெரியாது. டிஸ்க் கிளீனப்பில ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டோலேஷன் எண்டு ஒண்டு கிடந்தா, கொம்பியூட்டர் ஒழுங்கா ஓடுதெண்டா அதையும் அழியுங்கோ, அதுவே 10, 20 ஜிபி விடும். கடைக்காரரோட சண்டைக்குப் போகாதேங்கோ, அவருக்கு ஃபோமட் பண்ணுறது அரை மணித்தியால வேலை, மற்றது அரை நாள் வேலை, அதுதான் விசயம்.

கேள்வி: லினக்ஸ் போட்ட நாளிலயிருந்து விண்டோஸில நேரம் அஞ்சரை மணித்தியாலம் பின்னுக்கு நிக்குது. திருத்தினாலும் திரும்ப அப்பிடியே. பட்டறி செத்திட்டுதோ? — வாசகர், தெஹிவளை

பதில்: பட்டறி நல்லாத்தான் இருக்கு. அஞ்சரை எண்டவுடனயே கள்ளன் ஆர் எண்டு விளங்கேல்லையோ. மதர்போர்டில இருக்கிற மணிக்கூட்டில விண்டோஸ் இலங்கை நேரத்தை எழுதி வைக்கும், லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும். பின்னேரம் ஆறு மணிக்கு லினக்ஸிலயிருந்து வெளிக்கிட்டு விண்டோஸுக்குப் போனா, விண்டோஸ் அந்த மணிக்கூட்டைப் பாத்து மத்தியானம் பன்னிரண்டரை எண்டு நினைக்கும். லினக்ஸிட்ட நீயும் உள்ளூர் நேரத்தையே எழுது எண்டு சொல்ல டைம்டேட்சிடிஎல்லில ஒரு வரிக் கட்டளை இருக்கு, செட் லோக்கல் ஆர்டிசி (timedatectl set-local-rtc) எண்டு தேடுங்கோ, முடிஞ்சுது.

எங்களுக்கு இது புதுசும் இல்லை. 1996இல இருந்து 2006 ஏப்ரல் வரைக்கும் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி வச்சிருக்க, வடக்கில கனபேர் பழைய நேரத்திலதான் நிண்டவை. ஆரும் நாலு மணிக்கு வாறன் எண்டா, பழசோ புதுசோ எண்டு கேட்டு வளந்த சனம் நாங்கள்.

கேள்வி: அண்ணை, உபுண்டு வேண்டாம் எண்டு விண்டோஸுக்குள்ள போய் டிஸ்க் மெனேஜ்மென்டில அந்தப் பார்ட்டிஷனை டிலீட் பண்ணினன். இப்ப ஓன் பண்ணினாக் கறுப்புத் திரையில கிரப் ரெஸ்கியூ எண்டு வந்து நிக்குது. விண்டோஸ் போச்சோ? 2011இல வாங்கின டெஸ்க்டொப். — வாசகர், மட்டக்குளி

பதில்: விண்டோஸ் எங்கயும் போகேல்லை, உள்ள பத்திரமா இருக்கு, நீங்கள்தான் வெளியில நிக்கிறியள். 2011 மெஷின் எண்டா எம்பிஆர் முறையாத்தான் இருக்கும். டிஸ்கின்ட முதல் 512 பைட்டுக்குள்ள ஒரு குட்டிப் புரோகிராம் இருக்கும், அதுதான் வாசல் காவல்காரன். உபுண்டு போடேக்க விண்டோஸின்ட காவல்காரனை எழுப்பிவிட்டிட்டு கிரப் எண்டவனை இருத்தினது. அந்த 512க்குள்ள ஒண்டும் பெரிசாக் கொள்ளாது, அதால கிரப் தன்ட சாவிக்கொத்து முழுக்க உபுண்டு பார்ட்டிஷனுக்குள்ளதான் வச்சிருந்தவன். அந்த அறையை நீங்கள் இடிச்சிட்டியள். அவன் வாசலில நிண்டு முழிக்கிறான்.

வேற கொம்பியூட்டரில விண்டோஸ் இன்ஸ்டோல் பென் டிரைவ் ஒண்டு செய்து, அதால பூட் பண்ணி, இன்ஸ்டோல் எண்டுறதை அமத்தாம கீழ ரிப்பெயார் எண்டு இருக்கும், அதுக்குள்ள போய் கொமாண்ட் ப்ரொம்ட்டில பூட்ரெக், ஒரு இடைவெளி, சரிவுக்கோடு, ஃபிக்ஸ்எம்பிஆர் (bootrec /fixmbr). ரீஸ்டார்ட். விண்டோஸ் வரும். இனி ஆரும் லினக்ஸை எடுக்கிறதா இருந்தா இதை முதலில செய்துபோட்டுப் பிறகு பார்ட்டிஷனை அழியுங்கோ, மாறிச் செய்யாதேங்கோ.

புது லெப்டொப் ஆக்களுக்கு இந்தத் தலையிடி குறைவு. யூஈஎஃப்ஐ எண்ட புதுப் பூட் முறையில வாசல் ஒண்டு எண்டாலும் ஆளாளுக்கு வேற வேற சாவி. ஓன் பண்ணேக்க கன லெப்டொப்பில எஃப்12 அமத்தோணும், எச்பி எண்டா எஃப்9, வாற பட்டியலில விண்டோஸ் பூட் மெனேஜரைத் தெரிஞ்சாப் போயிடும். ஒண்டும் அழிக்காமலே திடீரெண்டு லினக்ஸ் எழும்பாமப் போறதும் உண்டு. 2024 ஓகஸ்டில வந்த விண்டோஸ் அப்டேட் ஒண்டு செக்கியூர் பூட் பட்டியலை மாத்த, கனபேரின்ட லினக்ஸ் செக்கியூரிட்டி பொலிசி வயலேஷன் எண்டு காட்டிப்போட்டு நிண்டது. அதில உங்கட பிழை ஒண்டும் இல்லை, செக்கியூர் பூட்டைக் கொஞ்ச நேரம் நிப்பாட்டி உள்ள போய் லினக்ஸை அப்டேட் பண்ணினாச் சரிவந்தது.

இன்னொண்டு, இதே மாதிரிப் பிழையா வேற பார்ட்டிஷனை டிலீட் பண்ணினவையளும் எழுதியிருக்கினம். டிலீட் எண்டுறது காணி உறுதியைக் கிழிக்கிறது மாதிரித்தான், வீடு அப்பிடியே நிக்குது. உடன நிப்பாட்டுங்கோ, அந்த டிஸ்கில ஒரு சொல்லும் எழுதாதேங்கோ, புதுப் பார்ட்டிஷன் செய்து ஃபோமட் பண்ணவே கூடாது. டெஸ்ட்டிஸ்க் எண்ட இலவசப் புரோகிராமால பழைய எல்லையைத் தேடிப் பிடிச்சுத் திருப்பி எழுதலாம், ஹார்ட் டிஸ்கில கனதரம் அச்சொட்டா வரும். எஸ்எஸ்டியில ஃபோமட்டும் பண்ணிட்டியள் எண்டா டிரிம் எண்டு ஒரு துப்புரவுக்காரன் பின்னால வந்து கூட்டி அள்ளிப்போட்டிடுவான், பிறகு ஒரு கடைக்காரராலயும் ஏலாது.

கேள்வி: ஒரு டிஸ்கில ஆகக் கூடினது எத்தினை ஓஎஸ் போடலாம்? — பள்ளிக்கூடப் பெடியன், பம்பலப்பிட்டி

பதில்: 1983இல டொஸ் 2.0ஓட வந்த எம்பிஆர் முறையில நாலு பிரைமரி பார்ட்டிஷன், 2 டெராபைட்டுக்கு மேல கணக்கே தெரியாது. இப்ப இருக்கிற ஜிபிடியில 128 வரைக்கும். ஆனா தம்பி, உமக்கு சோதினை எப்ப?

கேள்வி: மருதானையில சின்ன அச்சகம் வச்சிருக்கிறன். நாலாம் தலைமுறை ஐ5 டெஸ்க்டொப், விண்டோஸ் 10, பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர், பாமினி எழுத்து. இருபது வருசத்துக் கலியாண வீட்டு அழைப்பிதழ், நினைவு மலர், எல்லாம் அதிலதான். விண்டோஸ் 11 இந்த மெஷினுக்கு ஏறாது எண்டு சொல்லிப்போட்டினம். மகன் டிஸ்க்கைப் பிரிச்சு லினக்ஸும் போடுவம் எண்டுறான். எனக்குப் பயமா இருக்கு. — அச்சகக்காரர், மருதானை

பதில்: ஐயா, உங்கட பயம் நியாயம். மகன் சொல்லுறதும் பாதி சரி. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்புச் சிப்பும் இன்டெல் எண்டா எட்டாம் தலைமுறையும் வேணும், குறுக்கு வழியால ஏத்திற ஆக்கள் இருக்கினம், தொழில் செய்யிற மெஷினில நான் அதைச் செய்யமாட்டன். விண்டோஸ் 10க்குப் பாதுகாப்பு அப்டேட்டை 2026 ஒக்டோபர் 13 வரைக்கும் நீடிக்கிற திட்டம் ஒண்டு மைக்ரோசொஃப்ட் குடுத்தது, அதுவும் மூச்சு விடுற நேரந்தான், தீர்வு இல்லை.

இருபது வருச வேலை இருக்கிற டிஸ்க்கைப் பிரிக்கவே வேண்டாம். டெஸ்க்டொப்தானே, உள்ளுக்க இன்னொரு டிஸ்க் பூட்ட இடமும் வயரும் இருக்கும். யுனிட்டி பிளாசாப் பக்கம் போய் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒண்டு எடுங்கோ, லினக்ஸுக்கு அது தாராளம். இன்ஸ்டோல் பண்ணேக்க பழைய டிஸ்கின்ட வயரைக் கழட்டி விடச் சொல்லுங்கோ மகனிட்ட. இதைக் கட்டாயம் செய்யோணும், ஏன் எண்டா புது டிஸ்க்கைத்தான் தெரிவு செய்தாலும் உபுண்டு வகை இன்ஸ்டோலர்கள் பூட்லோடரை (ஓஎஸ்ஸை எழுப்பிற புரோகிராம்) மட்டும் கொண்டுபோய்ப் பழைய டிஸ்கின்ட ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில வச்சுப்போடுற பழக்கம் ஒண்டு இருக்கு, பிறகு பழைய டிஸ்க் இல்லாட்டி புதுசு எழும்பாது. வயர் கழண்டு கிடந்தா அதின்ட கை அங்க எட்டாது, மகன் பிழையான பட்டனைக் குத்தினாலும் உங்கட நினைவு மலர் தப்பும். முடிஞ்சாப் பிறகு வயரைக் கொழுவி, ஓன் பண்ணேக்க பூட் மெனுவில எது வேணுமோ அதைத் தெரிஞ்சு எழுப்பலாம்.

மெயில், வாடிக்கையாளர் அனுப்புற வட்ஸ்அப், பாங்க் வேலை எல்லாம் லினக்ஸில. விண்டோஸ் 10ஐ நெட் கேபிளைக் கழட்டிப்போட்டு பேஜ்மேக்கருக்கு மட்டும் வச்சிருங்கோ, நெட் இல்லாட்டி அது இன்னும் கன காலம் கிடக்கும். ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா ஃபைல் வேணும் எண்டா விண்டோஸின்ட ஃபோமட்டான என்டிஎஃப்எஸ் டிரைவ் ஒண்டு காணும், லினக்ஸ் அதை வாசிக்கும் எழுதும், மற்றப் பக்கம் லினக்ஸின்ட எக்ஸ்ட்4ஐ விண்டோஸ் திரும்பியும் பாக்காது, ஃபோமட் பண்ணட்டோ எண்டுதான் கேக்கும், ஓம் எண்டு அமத்திப்போடாதேங்கோ.

பாமினி லினக்ஸிலயும் வரும். அது யூனிகோட் (எல்லாக் கொம்பியூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) இல்லை, இங்கிலீஷ் எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை போட்ட ஃபொண்ட்தான், அதால அந்த டிடிஎஃப் ஃபைலைக் கொப்பி பண்ணி லினக்ஸில இன்ஸ்டோல் குடுத்து, கீபோர்ட்டை இங்கிலீஷில விட்டிட்டு அடிச்சா லிப்ரே ஒஃபிஸில (வேர்ட் மாதிரி இலவசப் புரோகிராம்) அப்பிடியே தமிழ் விழும், உங்கட விரலுக்குப் புதுசாப் பழகத் தேவையில்லை. யூனிகோடில அடிக்கிறதா இருந்தா எங்கட இலங்கைத் தமிழ் ரெங்கநாதன் கீபோர்ட்டும் லினக்ஸில இருக்கு. பேஜ்மேக்கர் ஃபைலை மட்டும் லிப்ரே ஒஃபிஸிட்ட நம்பிக் குடுக்காதேங்கோ, திறந்தாலும் பக்கம் குழம்பித்தான் வரும், அதுக்கு விண்டோஸ் பக்கம்தான் போகோணும். அந்த மெஷின் ஒரு நாளைக்குச் சாகத்தான் போகுது, அதுக்கு முதல் மகனைக் கொண்டு முக்கியமான மலர் எல்லாத்தையும் பிடிஎஃப்பா மாத்தி ஒரு வெளி டிஸ்கில போட்டு, அந்த டிஸ்க்கை அச்சகத்தில வைக்காம வீட்டு அலுமாரியில வைக்கச் சொல்லுங்கோ.